மூன்றாவது குப்பி

எனக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. மெட்ரோ நிற்பதற்கு முன்பே கதவருகில் போய் நின்றுவிடுவேன். பரீட்சைகளில் கடைசி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆர்.கே.புரம் அரசாங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ எப்ப சாப்பிட்டா, எப்ப கை கழுவினான்னே தெரியாதுங்க, அவ்ளோ வேகம்" என்று அம்மா புகாராக ஆரம்பித்துப் பெருமையாக முடிப்பாள். நான் அந்தப் பின்பாதியை மட்டும் கேட்டு வளர்ந்தவள்.

எம்.எஸ்ஸி. முடித்த மறு மாதமே தெற்கு தில்லியில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. விந்தணுக்களை உறைய வைத்துப் பாதுகாக்கிற வேலை. தமிழ்ச் சங்க விழாவில் யாராவது "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால் அம்மா "லேப்ல இருக்கா" என்று சொல்லிவிட்டு, அவசரமாகக் கேசரியில் நெய் கூடிவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். எனக்கோ பேசாமல் இருக்க முடியாது. அந்த வேலையின் மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம். சாப்பாட்டு மேசையிலேயே ஆரம்பித்துவிடுவேன்.

"குளிர் கொல்றதில்லப்பா. ஐஸ்தான் கொல்லுது. செல்லுக்குள்ள இருக்கிற தண்ணி உறையறப்ப ஊசி ஊசியா ஆயிடும். அந்த ஊசி சவ்வைக் குத்திக் கிழிச்சிடும். அதனாலதான் கிளிசரால் கலந்த மீடியம் விடறோம். அது உள்ள போயி தண்ணிய வெளிய தள்ளிடும்..."

"ரசம் ஊத்து" என்பார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

அப்பாவிடம் சொல்ல வாய்க்காத மறுபாதி ஒன்று உண்டு. காப்பாற்ற வருகிற அந்த மீடியமே அவசரப்பட்டால் கொல்லும். மொத்தமாக ஊற்றினால் விந்தணு ஒரே நொடியில் சுருங்கி அதன் சவ்வு கிழிந்துபோகும். ஆகவே சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். ஒரு சொட்டு விட்டுக் குழாயை மெல்லச் சுழற்றி, பிறகு அடுத்த சொட்டு. எங்கள் ஆய்வகத்தில் ஒரு சாம்பிளுக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு. இதை நான் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், நவம்பரில் ஒரு காலை, ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் இல்லத்தின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர். அவருடைய மனைவி ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவருக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். மறுநாள் காலை கீமோ மருந்து ஏற்றப் போகிறார்கள். ஏற்றினால் விந்தணு உற்பத்தி நின்றே போகலாம், அதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அவருடைய மருத்துவர் எங்களிடம் அனுப்பியிருந்தார்.

படிவத்தை நான் தமிழில் விளக்க ஆரம்பித்ததும் இருவர் முகமும் மலர்ந்துவிட்டது. அவருக்குக் காய்ச்சல் வேறு, கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"தங்கச்சி, நமக்கு எத்தன ரூம் போட்டுருக்கீங்க?"

"மூணு குப்பி வரும் அண்ணா."

"மூணு ரூமா! ஏசி உண்டும்லா?"

"மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரி."

"யம்மா! எங்க செகரட்டரிமாரு கூட அவ்வளவு கேக்க மாட்டாவ."

"சும்மா கெடங்க. மேலு கொதிக்கி, இதுல பேச்சு வேற" என்று மனைவி அவர் கையில் ஓர் அடி போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஏ பிள்ள, பத்திரமா பாத்துக்கிடுவியா?" என்றார்.

"கவலையே படாதீங்கக்கா" என்றேன். அதையும் வேகமாகத்தான் சொன்னேன்.

அன்று காலை மூன்று சாம்பிள்கள். அவருடையது மூன்றாவது. ஆய்வகத் தலைவியான மேடம் வேறு அறையில் ஒரு சிகிச்சையில் இருந்தார், நான் மட்டும்தான். ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு தாள் உண்டு; மீடியம் விட ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் எழுதி அடியில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அந்தக் கட்டங்கள் பிடித்திருந்தன. நேற்றைவிட இன்று, முதலாவதைவிட இரண்டாவது என்று நானே என்னோடு பந்தயம் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. எல்லாவற்றையும் எழுதி முடித்து, அவருடைய மூன்று குப்பிகளையும் நைட்ரஜன் டேங்க்கில் இறக்கியபோது வெள்ளைப் புகை வழிந்து என் மணிக்கட்டைத் தொட்டது. அழகாக இருந்தது. அந்தக் காட்சியை மட்டும் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மேடம் என் பின்னால் வந்து நின்று பார்த்தார். "அரே, யே க்யா கர் ரஹீ ஹோ?" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். என்ன செய்கிறாய் நீ, சாய்க்குப் பால் ஊற்றுகிற மாதிரி ஊற்றுகிறாயே, பெண்ணே, எங்கே ஓட வேண்டும் உனக்கு என்று இந்தியில் நன்றாகத் திட்டினார். அன்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் விட்டேன். முன்பு செய்தவற்றைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. அந்த வாரங்களில் உறைய வைத்தவற்றில் சிலதை அப்புறம் உருக்கியபோது நன்றாகவே நீந்தின. ஆரோக்கியமானவர்களின் விந்தணு என் முரட்டுக் கையையும் தாங்கிக்கொண்டது. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கும்கூட.

இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். அவர் பிழைத்துவிட்டார். முடி புதிதாகச் சுருண்டு வளர்ந்திருந்தது. மறுபடியும் விருந்தினர் இல்லத்து மேசைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லை. ஆறு மாதம் இடைவெளி விட்டு மீண்டும் பார்த்தோம். அப்போதும் இல்லை. அக்காவுக்கு முப்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. அவருடைய கருமுட்டைகளும் குறைந்துகொண்டே வந்தன. ஆக அவர்களுக்கு மிச்சம் இருந்தது எங்கள் டேங்க்கில் கிடந்த மூன்று குப்பிகள்.

"ரூமெல்லாம் தூத்துப் பெருக்கி வச்சிருக்கீங்களா தங்கச்சி?" என்றார் அவர்.

"அப்படியே இருக்கு அண்ணா" என்றேன் சிரித்துக்கொண்டே.

மார்ச்சில் முதல் குப்பியைச் சோதனைக்காக உருக்கினேன். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முடி வெட்டுகிற கடையின் தரை மாதிரி இருந்தது. சின்னச் சின்ன முடித் துண்டுகளாக, கண்டபடி, எதிலும் அசைவில்லாமல். வேறு சொட்டு எடுத்தேன். அதற்குப் பின் இன்னொன்று. அரை மணி நேரம் ஒன்றாவது அசையாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் வந்து பார்த்தார். "ஹோதா ஹை" என்றார். நடக்கிறதுதான், காய்ச்சலில் கொடுத்த சாம்பிள், புற்றுநோய் வேறு. இரண்டாவது நன்றாக இருக்கும்.

மே மாதம் அக்காவுக்கு ஊசிகள் போட்டு ஆறு கருமுட்டைகளை எடுத்தார்கள். அவருடைய வயதுக்கு ஆறு என்பது அதிர்ஷ்டம். அவர் இன்னும் மயக்கம் தெளியாமல் படுத்திருக்கும்போதே இரண்டாவது குப்பியை உருக்கினேன். அதே தரை, அதே முடித் துண்டுகள். கருமுட்டைகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று மேடம் அவற்றை உறைய வைத்தார். கருமுட்டைக்கு முறை வேறு, கடைசி நொடிகளில் மின்னல் வேகம் வேண்டும். அன்று அந்த வேலையை என்னிடம் கொடுக்கவில்லை.

வெளியே வந்து சொன்னேன். அக்காவின் கணவர் இருக்கையிலிருந்து எழுந்தார். பிறகு, "ரெண்டு ரூம காலி பண்ணியாச்சு. இன்னும் ஒண்ணு இருக்குல்லா?" என்றார். இருக்கிறது என்று தலையாட்டினேன்.

அன்று மதியம்தான் பழைய கோப்பை எடுத்தேன். எதையும் சந்தேகப்பட்டு எடுக்கவில்லை. மூன்றாவதை எப்படி உருக்கலாம் என்று யோசிக்க, எப்படி உறைய வைத்தோம் என்று பார்க்கலாமே என்ற ஆர்வத்தில்தான் எடுத்தேன். மீடியம் விட ஆரம்பித்த நேரம் பத்து நாற்பது. முடித்த நேரம் பத்து நாற்பத்திரண்டு. கீழே என் கையெழுத்து, வால் நீட்டி, ஓர் அடிக்கோட்டோடு.

இரண்டு நிமிடத்தில் முடித்ததற்காக எனக்கு நானே போட்டுக்கொண்ட கோடு அது.

தாளை எடுத்துக்கொண்டு மேடத்திடம் ஓடினேன். அவர் படித்தார். கதவைச் சாத்தினார்.

"உன்னாலதான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இந்தியில். "அன்னைக்கு நீ பத்து நிமிஷம் விட்டிருந்தாலும் செத்திருக்கலாம். காய்ச்சல்ல வந்த சாம்பிள். எழுதியே இருக்கு பாரு."

"அதுவும் சரிதான் மேடம். ஆனா..."

"ஆனா என்ன? சொன்னா குப்பிக்குள்ள இருக்கிறதுக்கு உயிர் வருமா? அந்தப் பொண்ணு தூங்குறதும் போயிடும். சுப் ரஹோ, பேசாம இரு."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. காய்ச்சலா, என் கையா என்று யாராலும் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. நான் ஒளிந்துகொள்ள அவ்வளவு வசதியான இடம் இருந்தது. ஒரு வாரம் அங்கே ஒளிந்துகொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. கதவருகில் நிற்கிற நான், இரண்டு முறை என் நிலையத்தைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி வந்தேன். அம்மா, "காதலா?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்லியிருக்கலாம் போல இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல், அக்கா வேலை பார்க்கும் வார்டுக்கே போனேன். ஏர் கூலர் சத்தத்துக்கு மேல் நோயாளிகளின் உறவினர்கள் இரைந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு பெரியவரின் கட்டிலருகில் நின்று சலைன் பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இரு" என்பதுபோல் ஒரு விரலைத் தூக்கினார். உதடு அசைந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினார். குழாயில் சொட்டைக் கட்டுப்படுத்தும் பல் சக்கரத்தை இம்மியளவு திருப்பினார். மறுபடியும் ஒரு நிமிடம் எண்ணினார். இந்த அம்மாளிடமா நான் இதைச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன பிள்ள, இங்கன வந்துட்ட? மூஞ்சியே சரியில்லயே?"

சொன்னேன். மீடியத்தை எப்படி விட வேண்டும், நான் எப்படி விட்டேன் என்று. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மொத்தமா ஊத்திட்டியா?"

"ரெண்டு நிமிஷத்துல."

"பத்து நிமிஷம் விட வேண்டியத."

அவர் பாட்டிலைக் காட்டினார்.

"இதுல பொட்டாசியம் கலந்துருக்கு. இத நான் பத்து நிமிஷத்துல விட்டேன்னு வையி, இந்தா படுத்துக் கெடக்காருல்லா, இவரு நெஞ்சு நின்னுரும். இருவது வருசமா நான் சொட்டு எண்ணுதேன். தூக்கத்துல கூட எண்ணுதேன்."

"காய்ச்சலாலகூட இருக்கலாங்கா. நிச்சயமா சொல்ல முடியாது" என்று என் வாய் சொல்லிவிட்டது. சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

"அதையும் நீங்களே சொல்லிக்கிடுதீங்க" என்றார்.

மூன்றரை வருடத்தில் முதல் முறையாக என்னை 'நீங்க' என்றார்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ "சிஸ்டர்ஜி" என்று கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார்.

"மூணாவத யாரு எடுப்பா?"

"மேடத்தை எடுக்கச் சொல்லிக் கேக்கறேன்."

"வேண்டாம். நீங்கதான் எடுக்கணும்." நான் நிமிர்ந்து பார்த்தேன். "எங்க வார்டுல ஒரு தடவ மருந்து மாத்திக் குடுத்தவ, அதுக்கப்புறம் மூணு தடவ பேர வாசிக்காம ஊசியத் தொட மாட்டா. தப்பே பண்ணாதவள நெனச்சாத்தான் எனக்குப் பயம்."

"அக்கா, என்னை..."

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சிராதீங்க. எனக்கு வேற வழி இல்ல, அதான். அவியகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். போங்க, எனக்கு ரவுண்ட்ஸ் இருக்கு."

அதற்குப் பிறகு ஒரு மாதம், கிடைத்ததையெல்லாம் படித்தேன். உறைந்து உருகிய விந்தணுவை என்ன செய்தால் பிழைக்கும் என்று உலகத்தில் யார் எங்கே எழுதியிருந்தாலும் தேடினேன். வைட்டமின், மீன் எண்ணெய், பனிக்கடல் மீனின் ரத்தம் என்று எல்லாம் இருந்தது. ஆனால் அநேகமாக எல்லாமே உறைய வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. உறைந்த பிறகு, தப்பு நடந்து முடிந்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

ஜூலையில் அந்த நாள் வந்தது. ஆறு கருமுட்டைகளை உருக்கியதில் ஐந்து பிழைத்தன. மூன்றாவது குப்பியை நான் எடுத்தேன். பெயரை மூன்று முறை வாசித்தேன். வெதுவெதுப்பான நீரில் உருக்கினேன். உள்ளே போன கிளிசராலை வெளியே எடுப்பதற்கும் அதே விதிதான்: புதுத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மெல்ல மெல்லக் கழுவ வேண்டும். சுவர்க் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு விட்டேன். அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு. உதடு தானாக எண்ணியது. நாற்பது நிமிடம். முதுகுத்தண்டில் வேர்வை இறங்குவதை உணர்ந்தேன், துடைக்கவில்லை.

தகட்டில் வைத்துப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை.

மேடம் என் தோளில் கை வைத்தார். "பஸ்" என்றார். போதும்.

"மேடம், அசையாததெல்லாம் செத்ததுன்னு இல்லையே. ஊற வச்சுப் பாக்கலாம். ப்ளீஸ்."

அது ஒரு சோதனை. உப்பு குறைந்த நீரில் விந்தணுவைச் சிறிது நேரம் விட வேண்டும். சவ்வு கிழியாமல் உயிரோடு இருக்கிற ஒன்று நீரை உள்ளே இழுத்து உப்பும். அதனால் அதன் வால் சுருளும். கிழிந்துபோனதற்கு நீர் வந்தாலும் போனாலும் ஒன்றுதான், வால் நீட்டியபடியே கிடக்கும். உறைந்து உருகியவற்றில் இந்தச் சோதனையை முழுக்க நம்ப முடியாது. மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு எதுவும் இல்லை என்பதும் இருவருக்கும் தெரியும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கர் லோ" என்றார். செய்துகொள்.

ஒவ்வொரு வாலாகப் பார்த்தேன். நேராக, நேராக, நேராக. கண் எரிந்தது. இமைத்தால் தவறவிடுவேன் என்று பயம். ஒரு மணி நேரம் கழித்து, தகட்டின் ஓரத்தில், ஒரு வாலின் நுனி மெல்ல, மிக மெல்ல, உள்ளே திரும்பியது. நான் கத்தவில்லை. கத்தினால் நீண்டுவிடுமோ என்று இருந்தது. அதை உறிஞ்சி எடுத்து நல்ல திரவத்தில் விட்டேன். மூன்று மணி நேரத்தில் நான்கு கிடைத்தன. ஐந்து முட்டைகளுக்கு நான்கு. மேடம் ஒவ்வொன்றாக ஊசியில் எடுத்து முட்டைக்குள் செலுத்தினார்.

வெளியே நீள இருக்கையில் அக்கா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபமா, எண்ணிக்கையா தெரியவில்லை. "நாலு கிடைச்சுதுக்கா" என்றேன். கண்ணைத் திறக்காமல் தலையசைத்தார்.

மறுநாள் காலை இரண்டு கருவாகியிருந்தன. மூன்றாம் நாள் ஒன்று வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. மற்றொன்றை அக்காவின் கருப்பையில் வைத்தார்கள். பிறகு பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். எனக்கு நாள்களை வேகமாக ஓட்ட எந்த வழியும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து நான் இத்தனை மெதுவாக வாழ்ந்ததில்லை.

பதினான்காம் நாள் காலை கைபேசி அடித்தது. ரத்தப் பரிசோதனையை அக்கா தன் மருத்துவமனையிலேயே செய்துகொண்டுவிட்டார். எங்களிடம் வருகிற வரைக்கும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ள" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. எனக்கு நெஞ்சு துள்ளியது.

"சொல்லுங்கக்கா."

"ஒண்ணுமில்ல பிள்ள."

கூலர் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ட்யூட்டில இருக்கேன். வச்சிருதேன்."

ஆகஸ்டில் அக்காவின் கணவர் மட்டும் வந்தார், கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட. மழையில் பாதி நனைந்திருந்தார். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் எவர்சில்வர் டப்பா.

"எங்க கேன்டீன்ல இன்னைக்குப் புளியோதரை. உங்களுக்குன்னு எடுத்தாந்தேன்." மேசைமேல் வைத்தார். டேங்க்கைப் பார்த்தார். "இதுக்குள்ளயா கெடந்துச்சு அவ்வளவு நாளும்?"

"ஆமாண்ணா."

"எங்க கெஸ்ட் ஹவுஸ்ல மினிஸ்டர் மச்சானக்கூட அத்தன நாளு தங்க விட மாட்டோம்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க மூணு மணி நேரம் மைக்ராஸ்கோப்ப விட்டு எந்திரிக்கவே இல்லையாமே. அவ சொன்னா. கூடப் பொறந்தவ கூட செய்ய மாட்டா. நீங்க நல்லாருக்கணும்."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. "அக்கா வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன?"

அக்கா சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றவா, அல்லது தன் நோயால்தான் போயிற்று என்று எப்படியோ சமாதானமாகிவிட்ட மனிதரை மறுபடி கலைக்க வேண்டாம் என்றா, எனக்குத் தெரியவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு, நன்றியை வாங்கிக்கொண்டு, புளியோதரையையும் சாப்பிட்டிருக்கலாம். அக்கா மூடி வைத்ததை நான் திறந்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் "நல்லாருக்கணும்" என்று சொன்ன பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் முன் வைத்தேன். பத்து நிமிடம் விட வேண்டியதை எப்படி விட்டேன், அப்படி விட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். காய்ச்சலைப் பற்றி இந்த முறை நான் பேசவில்லை.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று வாழ்நாளெல்லாம் நேரம் எழுதுகிறவர். கட்டங்களை உடனே பிடித்துவிட்டார்.

"பத்து நாப்பது" என்றார், விரலை வைத்து. "பத்து நாப்பத்திரெண்டு."

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

"எட்டு நிமிசம் மிச்சம்."

"ஆமாண்ணா."

கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "அந்த எட்டு நிமிசத்துல நீங்க என்ன செஞ்சீங்க?"

யோசித்தேன். வெள்ளைப் புகை நினைவு வந்தது. அதற்கு முன், அதற்குப் பின், எதுவும் வரவில்லை.

"ஞாபகம் இல்லண்ணா."

அவர் காத்திருந்தார். அடையாள அட்டையைத் தேடுகிற விருந்தாளிக்காக மேசைக்குப் பின்னால் காத்திருக்கிற பொறுமையோடு. பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பழக்கத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கையெழுத்துக்குக் கீழே நேரத்தையும் எழுதினார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் கைபேசியில் அந்த நவம்பர் நாளுக்குப் போனேன். விரல் வலிக்க மேலே மேலே தள்ளிக்கொண்டே போனேன். கல்லூரித் தோழிகள் குழுவில், காலை பத்து நாற்பத்து நாலுக்கு நான் அனுப்பிய ஒரு செய்தி இருந்தது.

"மூணு சாம்பிளும் முடிச்சாச்சு! யாராச்சும் ஃப்ரீயா?"

யாரும் பதில் போட்டிருக்கவில்லை.